டிசம்பர் வெயிலுக்காக மே மாதத்தில் கிளை கழித்தோம்

ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் வடக்கு பார்த்த சரிவு ஒன்று இருக்கிறது. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். கீழே அராபிகா, மேலே சில்வர் ஓக், நடுநடுவே பலா, வேலி ஓரத்தில் கல்யாண முருங்கை. மற்ற இடங்களில் பழம் சிவந்து பறிப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சரிவில் மட்டும் பாதிக் காய் பச்சையாகவே நிற்கும். அதற்காகவே ஒரு சுற்று பறிப்பு தனியாக விட வேண்டும். மார்கழி வெயில் அங்கே சரியாக விழுவதில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிளை மறைக்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

அந்தச் சண்டை தீராமல் இருந்ததற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. நிழல் கழிப்பது மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால். அப்போது நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்க்கொண்டிருக்கும். ஏற்காடு இருப்பது 11.8 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 20 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வரும். அதிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரைக்கும் வடக்குப் பக்கம்தான். டிசம்பர் 21 அன்றோ தெற்கே 55 டிகிரி உயரத்தைத் தாண்டாது. மே மாதத்தில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, வெயில் வருகிற வழியில் இருக்கும் கிளையைக் கழித்தால் டிசம்பருக்குச் சம்பந்தமே இல்லாத கிளை போய்விடும். கோடைக்கு வேண்டிய நிழலும் சேர்ந்து போகும். இத்தனை வருஷமாக நடந்தது அதுதான்.

அதற்காக ஒரு புரோகிராம் எழுத நினைத்தேன். போனைத் தூக்கிப் பிடித்தால் டிசம்பர் சூரியன் போகும் பாதை எதிரே நிற்கும் மரங்களின் மேலேயே கோடாகத் தெரிய வேண்டும். எந்த நேரத்துக்கு எந்தக் கிளை மறைக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு கிளையைத் தொட்டால் அது திரையிலிருந்து காணாமல் போய், எவ்வளவு வெயில் கூடுகிறது என்று காட்ட வேண்டும். கோடு போடுவது ஏஆர் வேலை (காமிராவில் தெரியும் காட்சியின் மேல் படம் சேர்த்துக் காட்டுவது), கிளையைப் பிரித்தெடுப்பது ஏஐ வேலை. நான் சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் வயிறு வளர்ப்பவன். மலை ஏறினால் காப்பி குடிப்பேன். மற்றபடி செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் ஏஆர்கோர் என்ற கூகுளின் ஏஆர் மென்பொருள் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில், குரோம் பிரௌசரில் ஏஆர் ஓட்ட உதவும் வெப்எக்ஸ்ஆர் வழியாகப் போனேன். முப்பரிமாணப் படம் வரையும் த்ரீ.ஜேஎஸ் நூலகத்தை வைத்துச் சூரியன் போகும் வளைவை வரைந்தேன். வீட்டு வரவேற்பறையில் அருமையாக நின்றது. மொட்டை மாடிக்குப் போய் போனை மேலே தூக்கியதும் கோடு அந்தரத்தில் குதிக்க ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஏஆர்கோர் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது காமிராவில் தெரியும் நிலையான புள்ளிகளை வைத்து. வெறும் வானத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தோட்டத்திலோ பிடித்துக்கொள்ளும் இலையெல்லாம் காற்றில் ஆடுகிறது. மேசை மேல் நாற்காலி வைத்துப் பார்க்கிற வேலைக்கு ஏற்பட்ட சாமான் அது.

அப்புறம்தான் உறைத்தது, எனக்கு இடமே தேவையில்லை. ஒரு செடிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கப் போகிறேன். போன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்தால் போதும். வெப்எக்ஸ்ஆரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாதாரணக் காமிராப் படத்தைப் பின்னால் ஓடவிட்டு, போன் திரும்புவதை அளக்கும் ஜைரோஸ்கோப் சொல்லும் கோணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். போனை உச்சிக்குத் தூக்கும்போது கோணங்கள் ஒன்றுக்கொன்று குழம்பாமல் இருக்க, திருப்பத்தை நான்கு எண்களால் சொல்லும் குவாட்டர்னியனாக மாற்ற வேண்டும். த்ரீ.ஜேஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் அதற்குத் தயாராக ஒரு கோப்பு இருந்தது, புதியவற்றில் எடுத்துவிட்டார்கள். பழையதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் சிக்னல் கிடையாது. காமிராவைத் திறக்கப் பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும் என்று பிரௌசர் அடம்பிடிக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதே போனிலிருந்தே வரும் பக்கத்துக்கு மட்டும் விலக்கு. போனிலேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு அதில் சின்ன சர்வர் ஒன்றை ஓட்டினேன். அத்தோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

சூரியனின் இடத்துக்கு சன்கால்க் என்ற சின்ன நூலகம். அட்சம், தீர்க்கம், நேரம் கொடுத்தால் உயரமும் திசையும் தரும். நான் பயன்படுத்திய பதிப்பில் திசை தெற்கிலிருந்து மேற்காக அளக்கப்படுகிறது, வடக்கிலிருந்து அல்ல. ஆவணத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறது. அதைக் கவனிக்காத வரைக்கும் என் டிசம்பர் சூரியன் வடக்கே போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று, நமக்கு நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கத்துக்கு, ஏற்காடு 78.2. டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால் 17 நிமிஷம் பிந்தும். நிழலை வைத்துச் சரிபார்க்கும்போது இதை மறந்தால் சரியாக வேலை செய்யும் புரோகிராமைச் சந்தேகப்பட்டு மண்டை காயும்.

காமிராவின் பார்வைக் கோணம் தெரியாவிட்டால் கோடு ஓரங்களில் நழுவும். சுவரில் அளவு டேப்பைப் படுக்கையாக ஒட்டி, போனைச் சரியாக 2 மீட்டர் தள்ளிக் கிடைமட்டமாக வைத்தேன். திரையில் 2.30 மீட்டர் அகலம் தெரிந்தது. கணக்குப் போட்டால் 60 டிகிரி. இதை வீடியோ ஓடும்போதே பார்க்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது தெரியும் அகலம் வேறு; வீடியோவில் பல போன்கள் ஓரத்தை வெட்டிவிடும்.

அதிக நேரம் தின்றது திசைகாட்டிதான். போனின் காந்தமானி வடக்கு என்று காட்டுவதை நம்பினால் கதை கந்தல். சேலத்து மாடியில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு மேல் நான்கு அடி நகர்ந்தால் வடக்கும் நகர்ந்தது. மலையில் கம்பி இல்லையே என்று பார்த்தால், அங்கேயும் ஒவ்வொரு முறை போனை எட்டு வடிவில் சுழற்றிய பிறகும் வேறு வேறு வடக்கு, 15 டிகிரி வரை வித்தியாசம். டிசம்பர் நண்பகலை ஒட்டி 15 டிகிரி பிசகினால் சூரியன் நாற்பது நிமிஷம் தள்ளிப் போய்விடும். அதற்குள் வேறு கிளை வந்துவிடும்.

தீர்வு செவ்வாய்பேட்டை இரும்புக் கடையில் கிடைத்தது: கொத்தனார் தூக்குக்குண்டு. மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டால் நூலின் நிழல் தரையில் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டுக்கு இணையாகப் போனின் விளிம்பை வைத்துத் திரையில் தட்டினால், அந்த நொடியில் சூரியன் எந்தத் திசையில் என்பது கணக்கில் இருப்பதால், அதிலிருந்து உண்மை வடக்கு கிடைத்துவிடும். காந்தமானி வேண்டவே வேண்டாம். இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. மே கடைசி வாரத்தில் நம் அட்சத்தில் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை சூரியன் ஏறக்குறைய நேர் மேலாகவே ஏறுகிறது. திசை 72 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, ஒன்றரை டிகிரிகூட நகர்வதில்லை. கைக்கடிகாரம் ஐந்து நிமிஷம் பிசகினாலும் கவலையில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் அளவெடுக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டேன். மதியம் சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல் குட்டையாகி, திசையும் விறுவிறுவென்று மாறும். அப்போது முயல வேண்டாம்.

ஜைரோஸ்கோப் மெதுவாக நழுவும். அதனால் ஒவ்வொரு செடியிடமும் வேலை முடிந்ததும் நூல் நிழலை மறுபடி பார்த்து, இரண்டு டிகிரிக்கு மேல் போயிருந்தால் அந்த இடத்தைத் திரும்ப எடுத்தேன்.

போன் நின்ற உயரம் நான்கு அடி, செடியின் மேல் இலை மட்டம். மூங்கில் கழியில் கோடு போட்டு, அதில் போன் பிடிக்கும் கிளிப்பைச் சணலால் கட்டினேன். கையில் பிடித்துச் சுழன்றால் நாமே அரை மீட்டர் வட்டத்தில் நகர்வோம். பக்கத்துக் கிளை அதற்கே இடம் மாறித் தெரியும்.

இனி ஏஐ. வானம் எது, இலை எது என்று பிரிக்க முதலில் தயார் நிலையில் கிடைக்கும் டீப்லேப் மாடலை ஓட்டினேன். 'மரம்', 'வானம்' இரண்டையும் அதற்குத் தெரியும். ஆனால் மரம் என்றால் அதற்கு ஒரு முழு உருண்டை. இலைகளுக்கு நடுவே தெரியும் சின்னச் சின்ன வானத்தையும் மரம் என்று பூசி மெழுகிவிட்டது. எனக்கு வேண்டியது அந்த ஓட்டைகள்தான். வெயில் வருவதே அது வழியாக. கடைசியில் கைகொடுத்தது ஏஐயே இல்லாத பழைய வழி: படத்தின் நீல நிறத்தை மட்டும் எடுத்து, 1979-ல் ஓட்சு சொன்ன முறையில் ஒரு வெட்டுக்கோடு, அதைவிடப் பளிச்சென்று இருந்தால் வானம், மங்கலாக இருந்தால் இலை. இலை நீல ஒளியை விழுங்கிவிடும், வானம் நீலத்தில் பளிச்சென்று இருக்கும். இருபது வரி புரோகிராமில் மாடலைவிடச் சுத்தமாகப் பிரித்தது. சூரியன் படத்துக்குள் வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. தெற்குப் பக்கத்தைத்தான் படம் எடுக்கிறோம், காலைச் சூரியன் கிழக்கே, ஆகவே தொல்லையில்லை.

மூடுபனி இதில் நண்பனா எதிரியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உயரத்தில் வெள்ளையாக மூடியிருந்தால் வானம் ஒரே சீராக இருக்கும், படம் அருமையாகப் பிரியும்; ஆனால் நூலுக்கு நிழல் விழாது. மரங்களுக்கு நடுவே இறங்கிவிட்டால் தூரத்து இலையெல்லாம் வெளுத்துப்போய் வானத்தோடு சேர்ந்துவிடும். நிழல் விழும்போது வடக்கைப் பிடி, மூட்டம் மேலே ஏறும்போது படம் எடு என்று காலை முழுக்கக் கண்ணாமூச்சி.

கிளையைத் தனியாக எடுக்க செக்மென்ட் எனிதிங். 2023-ல் மெட்டா வெளியிட்டது. படத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்தப் பொருளின் உருவத்தை வெட்டித் தரும். அதன் சிறிய மாடலை சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஓட்டினேன். கணக்கை வேகப்படுத்தும் ஜிபியு அதில் இல்லை. ஒவ்வொரு படத்தையும் முதலில் மென்று விழுங்க நேரம் எடுக்கும், அப்புறம் தொடுகிற இடத்துக்கெல்லாம் உடனே பதில். ஒரு தொடுதலுக்கு மூன்று உருவம் தரும். கிளையின் நடுவில் தொட்டால் ஒன்று முழு மரம், ஒன்று அந்தக் கிளை, ஒன்று ஒரு கொத்து இலை. பெரும்பாலும் நடுவில் உள்ளது சரி. சில்வர் ஓக் இலை சீப்புப் பல் மாதிரி கிழிந்து இருப்பதால் ஓரம் கொஞ்சம் பிசிறும், பெரிய சேதமில்லை. அந்த உருவங்களைப் போனுக்கு மாற்றி, வளைவோடு சேர்த்துக் காட்டினேன். வளைவில் காலை 9 முதல் மாலை 3:30 வரை அரை மணிக்கு ஒரு புள்ளி, மொத்தம் 14. மறைந்த புள்ளி சாம்பல், திறந்த புள்ளி மஞ்சள். கிளையைத் தொட்டால் சாம்பல் மஞ்சளாகும்.

கிளையை நீக்கிய இடத்தில் என்ன காட்டுவது? படம் வரையும் ஏஐ ஒன்றை வைத்து நிரப்பிப் பார்த்தேன். அழகான நீல வானம், அதில் பஞ்சு மேகம். சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு வெளிச்சம் வந்தா ஏன் கண்ணு காய் பச்சையா நிக்கப் போவுது" என்றார். எனக்கு உதறல் எடுத்தது. அந்தக் கிளைக்குப் பின்னால் வானம் இருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்துப் பலா இருக்கிறதா என்று படத்தில் எங்கேயும் இல்லை. ஏஐ தன் இஷ்டத்துக்கு வானத்தைப் போட்டுவிட்டது. அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு, நீக்கிய இடத்தில் சாய்கோடு போட்டு, அங்கே விழும் புள்ளியை வெளிர் மஞ்சளாக்கினேன்: வெயில் வரலாம், உறுதி இல்லை. பார்க்க அசிங்கம்தான். ஆனால் அரிவாளை எடுக்கும் முன் பார்க்கிற படத்தில் அழகுக்கு வேலையில்லை.

சரிவின் நடுவில் ஒரு மோசமான இடத்தை எடுத்துக்கொள்வோம். 14 புள்ளியில் 3 மட்டும் மஞ்சள். தெற்கே எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு சில்வர் ஓக்கில் நான்கு கிளைகளை நீக்கினால் 9 ஆகும் என்று காட்டியது. நான்கும் மரத்தின் இடைப்பகுதியில், தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தை ஒட்டி. ஏப்ரல் வெயிலைத் தடுக்கும் உச்சிக் கிளைகள் வேறு. ஏப்ரல், டிசம்பர் பாதைகளை ஒரே திரையில் இரண்டு வளைவாகப் பார்த்ததும்தான் இத்தனை வருஷச் சண்டை அடங்கியது.

ஒரு கிளையில் மட்டும் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். மேற்கே சாய்ந்து பிற்பகலை மறைக்கும் கிளை. கணக்குப்படி அதை எடுத்தால் இன்னும் மூன்று புள்ளி கிடைக்கும். "மேக்குக் கிளையத் தொட்டீன்னா தண்டுத் துளைப்பானுக்கு வெத்தலை பாக்கு வெச்ச மாதிரி." வெள்ளைத் தண்டுத் துளைப்பான், வெயில் படும் தண்டாகத் தேடி முட்டையிடும் வண்டு, ஏப்ரல்-மேயில் ஒரு முறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு முறை பறக்கும். என் புரோகிராமுக்கு எல்லாப் புள்ளியும் ஒரே மஞ்சள்தான். அந்தக் கிளையை விட்டுவிட்டோம்.

கழிக்கும் நாள் அன்று இன்னொன்று இடித்தது. மரம் ஏறும் அண்ணன் போனை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஏறிட்டா இந்தப் படம் எனக்கு எப்படித் தம்பி தெரியும்? மேல இருந்து பாத்தா எல்லாம் கிளைதான்" என்றார். வாஸ்தவம். நான் செடியடியில் கழியோடு நின்றுகொண்டேன், அவர் ஏறி ஒவ்வொரு கிளையாகக் காலால் உலுக்கினார். திரையில் சாய்கோட்டுக்குள் இலை ஆடினால் "அதேதாண்ணா". ஆடாவிட்டால் "அடுத்தது". இரண்டாவது மரத்தில் அவரே, நான் சொல்வதற்கு முன்பே, "இதுக்குக் கீழ இருக்கறதுதானே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். காட்டிய கிளையின் அடியில் இன்னொன்று பட்டுப்போய் இருந்ததால் அதையும் சேர்த்து இறக்கினார்.

செலவு: தூக்குக்குண்டு 120 ரூபாய், போன் கிளிப் 180, சணல் வீட்டில் இருந்தது, மூங்கில் வேலியிலிருந்து. மரம் ஏறியதற்கும் கீழே கிளை இழுத்துப் போட்டதற்குமாக இரண்டு பேருக்குக் கூலி 1,900. அது எப்படியும் ஆகியிருக்கும் செலவு. மென்பொருள் எல்லாம் இலவசம். கழித்த இலையைச் செடியடியில் மூடாக்காகவே போட்டாயிற்று, கட்டை விறகுக்குப் போனது.

டிசம்பரில் போய்ப் பார்த்தோம். அந்த மோசமான இடத்தில் 9 வர வேண்டிய புள்ளி 6 வந்திருந்தது. வெளிர் மஞ்சளாக இருந்தவற்றில் இரண்டை, பின்னால் இருந்த பக்கத்துத் தோட்டத்துப் பலா மறைத்தது. சாய்கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அதுதான். இன்னொன்றை மழைக்காலத்தில் சில்வர் ஓக் தளிர்த்து விட்ட புதுக் கிளைகள் மறைத்தன. கோடு போட்ட இடம் சரியாகவே இருந்தது. 11 மணிப் புள்ளியில் போனைப் பிடித்தால் சூரியன் புள்ளியின் மேலேயே, அரை விரல் அகலம்கூடத் தள்ளியில்லை. பழம் முன்னைவிடச் சேர்ந்து சிவந்திருந்தது; தனிச் சுற்று இந்த வருஷம் விடவில்லை. மழையும் வேறு மாதிரி பெய்த வருஷம் என்பதால் அத்தனையும் நம் கழிப்பால்தான் என்று சித்தப்பாவிடம் நான் மார்தட்டவில்லை.

அடுத்த முறை ஒரே இடத்தில் நிற்காமல், ஒவ்வொரு செடிக்கும் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு படம் எடுப்பேன். கிளைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதில் பாதி அப்போதே தெரிந்துவிடும், பலா அகப்பட்டிருக்கும். துளைப்பானை நினைத்து, பிற்பகல் ஒரு மணிக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சிவப்பாக்கிவிட்டேன், யாரும் ஆசைப்படாமல் இருக்க. தளிர் வளர்ச்சிக்குக் கணக்கில் ஒரு டிகிரி இரண்டு டிகிரி இடம் விட வேண்டும். எவ்வளவு என்பதை அடுத்த டிசம்பர் படங்களோடு ஒப்பிட்டுத்தான் வைக்கப் போகிறேன். நூலின் நிழல் மடித்த தார்ப்பாயின் மேல் விழுந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஈர மண்ணில் நிழலைத் தேட வேண்டியிருக்கிறது.

சித்தப்பா இப்போது கீழ்ச் சரிவுக்கும் கேட்கிறார். அங்கே மரமெல்லாம் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கிளையைத் தொட்டால் செக்மென்ட் எனிதிங் கொடியையும் கிளையையும் ஒன்றாகவே பிடிக்கிறது, கிளையோடு மிளகும் போனால் வீட்டுக்குள் விட மாட்டார். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகக் கொடி இலைகளை மட்டும் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து அடையாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.